வலது பக்கம்

சேரம்பாடி,
12-7-1977

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தங்கையா வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழை பெய்தால் ஏறுகிறது, வெயில் அடித்தால் இறங்குகிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மச்சானுக்குப் பேக்டரியில் வேலை மாற்றிக் கொடுத்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை கூடலூரில் பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் ஓடிவிட்டீர்கள். அதன் பிறகு பேசி முடிவானதை எழுதுகிறேன். நாம் நாலு பேர். நாலு மலையில் தனித்தனியாக உட்கார்ந்துகொண்டு, ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, ஒரே தப்பை நாலு இடத்தில் செய்துகொண்டிருக்கிறோம். இனிமேல் ஒரு தப்பை ஒருவர் செய்தால் போதும். மற்ற மூன்று பேரும் அதைப் படித்துத் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்தச் சுற்று நோட்டு.

நோட்டு வாங்கியாயிற்று. இருநூறு பக்கம், கெட்டி அட்டை. ஒருவரிடம் ஒரு வாரம் இருக்கும். என்னிடமிருந்து காளிமுத்து வாத்தியாருக்கு, அவரிடமிருந்து இசக்கியம்மா டீச்சருக்கு, பிறகு உங்களுக்கு, மறுபடி எனக்கு. ஊட்டி பஸ் கண்டக்டர் பைகாரா டீக்கடையில் கொடுத்துவிடுவார், மச்சான் போய் எடுத்துக்கொள்ளட்டும். இடது பக்கத்தில், அந்த மாதம் வகுப்பில் புதிதாகச் செய்து பார்த்ததை எழுத வேண்டும். வலது பக்கத்தில், அதனால் கெட்டதை எழுத வேண்டும். வலது பக்கத்தைக் காலியாக விடக்கூடாது என்று நீங்கள் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விட்டவர் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும்.

காளிமுத்து வாத்தியார்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "ஏனுங்க தங்கையா, கெட்டுப்போனதை நம்ம கையாலயே எழுதி வெச்சா, நாளைக்கு ஆபீசர் பாத்தாருன்னா நம்ம கதி என்னங்க?" என்றார். நோட்டு நம் நாலு பேரைத் தாண்டிப் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அப்புறம் அவர், "மொதல்ல உங்க சிலோன் சட்டிபிகேட்டை இவங்க ஒத்துக்கட்டுங்க, பொறவு ஊரைத் திருத்தலாமுங்க" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அங்கே வாங்கிய வாத்தியார் சட்டிபிகேட்டை இங்கே ஒத்துக்கொள்ளச் சொல்லி மூன்று வருடமாக மனுப் போட்டும் ரிஜிஸ்தரில் இன்னும் என் பெயருக்கு எதிரே தற்காலிகம் என்றுதான் எழுதுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. மச்சானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
தங்கையா


கிளென்மார்கன்,
6-8-1977

அன்புத் தம்பிக்கு அக்கா சுசீலாவின் ஆசிகள். மச்சான் சுகம். என் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது, போக மனசே இல்லாமல் கூடவே குடித்தனம் நடத்துகிறது. அம்மாவுக்கு நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சித் தடவிவிடு. தானே தடவிக்கொள்வேன் என்று வீறாப்புப் பேசுவார், கேட்காதே.

நோட்டு வந்து சேர்ந்தது. உன்னிடம் வரும்போது இசக்கியம்மா டீச்சரின் வலது பக்கத்தைப் படி. ஒரு பிள்ளையைப் பிரம்பால் அடித்தாராம், அது நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லையாம், ஐந்தாம் நாள் இவரே அது குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தாராம். அப்படியே எழுதியிருக்கிறார். என்ன நெஞ்சுரம் அந்த மனுஷிக்கு! நானும் வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன். முதல் வகுப்பில் இருபத்திரண்டு பேர், பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தொண்டை கிழியக் கத்தியும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் நாலே பேர். எழுதி முடித்ததும் மனசு லேசானது. யாராவது வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. ஐந்தாம் வகுப்பில் ஆண்டாயி என்று ஒரு பெண் இருக்கிறாள். நம்மைப் போலக் கப்பல் ஏறி வந்த குடும்பம்தான். நுவரெலியாப் பக்கம் பிறந்தவள், அங்கே இரண்டாம் வகுப்பில் பாதியில் கிளம்பி, மண்டபம் முகாமில் ஒரு வருடம் வீணாகி, இங்கே வந்து சேர்ந்தாள். கணக்கு என்றால் அவளுக்குத் தின்பண்டம் மாதிரி. நான் பலகையில் போட்டு முடிப்பதற்குள் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாள். ஊட்டியில் எஸ்டேட் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறதல்லவா, அங்கே தங்கி ஆறாம் வகுப்புப் படிக்க மார்ச்சில் பரீட்சை வைத்து ஆறு பேரை எடுக்கிறார்கள். இவளை எப்படியும் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

அவள் அம்மா கருப்பம்மா புருஷனை இழந்தவள். தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாள். போய்ப் பேசினேன். "விடுதி கெடச்சா அனுப்புறேன் டீச்சர். கெடைக்கலேன்னா ஏங்கூட மலைக்கு வந்துரட்டும். அதுக்கு மேல எனக்குத் தாங்காது" என்றாள். ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதே அவளுக்குப் பெரிய காரியம். ஆக, மார்ச் மாதம் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடமா, கூடையா என்று தெரிந்துவிடும்.

காளிமுத்து சொன்னதை மனசில் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
சுசீலா


சேரம்பாடி,
25-9-1977

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கும் கடிதம் எதிர்பார்க்கிறேன். பூண்டு எண்ணெய் வேலை செய்கிறது. அம்மா இப்போது கோயில் வரை நடந்துபோய் வருகிறார், ஆனால் பேக்டரியை இன்னும் சிலோனில் சொன்ன மாதிரி ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்.

நல்ல செய்தி. நோட்டு உங்களிடம் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும், என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. உங்கள் வலது பக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன். ஜோடிப் பாடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, முதல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு. பெரிய பிள்ளை விரல் வைத்துக் காட்ட வேண்டும், சின்னப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். நான் நடுவில் சுற்றி வருவேன். ஆறே வாரம்தான் அக்கா! என் முதல் வகுப்பில் பத்தொன்பது பேரில் பதினாறு பேர் வாசிக்கிறார்கள். நானே நம்பாமல் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வரிகளைப் பலகையில் எழுதிப் பார்த்தேன், அதையும் வாசித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதனால் ஒரு குறையும் இல்லை. சொல்லிக்கொடுத்தால் படிப்பு இன்னும் ஊறத்தானே செய்யும்?

நோட்டில் விவரமாக எழுதியிருக்கிறேன். காளிமுத்து வாத்தியார் படித்துவிட்டு, தாமும் திங்கட்கிழமை முதல் தொடங்குவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சிலோன் சட்டிபிகேட் பற்றி இந்த முறை ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் தொடங்குங்கள். உங்களுக்குத்தான் ஆண்டாயி இருக்கிறாளே, அவளை விட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யார் கிடைப்பார்கள்?

மச்சானுக்கு என் அன்பு.

தங்கையா


கிளென்மார்கன்,
22-10-1977

அன்புத் தம்பிக்கு, ஆசிகள். இங்கே பத்து நாளாக மழை. அடுப்பு எரியவில்லை, துணி காயவில்லை, அதுபோக எல்லோரும் சுகம். அம்மாவை மழையில் கோயிலுக்கு விடாதே.

அடேயப்பா, உன் ஜோடிப் பாடம் நல்ல மருந்துதான். உன் கடிதம் வந்த மறுநாளே தொடங்கிவிட்டேன். ஆண்டாயியிடம் வீரம்மா, தெய்வம்மா என்று இரண்டு சின்னதுகளைக் கொடுத்தேன். வீரம்மா வாயைத் திறந்து ஒரு எழுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது அது ஆண்டாயியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிகிறது, எஸ்டேட் தகரப் பலகைகளில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்குகிறது. என் தம்பி என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று, நோட்டும் வந்தது. உன் இடது பக்கம் வழிந்து ஓடுகிறது. வலது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? சாக்பீஸ் தீர்ந்துபோய்விட்டது என்று. ஏண்டா, இது ஒரு கெட்டதா? டீயும் வடையும் வாங்கித் தரப் பயந்து எழுதினாயா? அடுத்த கூட்டத்தில் உன்னிடம் கறந்தே தீருவேன்.

விளையாட்டு இருக்கட்டும். ஒன்று கேட்க வேண்டும். முன்பு காலை ஒரு மணி நேரத்தில்தான் ஆண்டாயிக்கு நான் தனியாகக் கணக்குப் போட்டுக்கொடுப்பேன். இப்போது அந்த நேரம் போயிற்று. மத்தியானத்துக்கு மேல் எனக்கு மற்ற வகுப்புகளோடு சரியாகிவிடுகிறது. உன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் எப்படி இருக்கிறார்கள்? பரீட்சை ஏதும் வைத்துப் பார்த்தாயா? மதிப்பெண் இருந்தால் எழுது.

அக்கா,
சுசீலா


சேரம்பாடி,
30-11-1977

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் எட்டு நாள் தபாலே இல்லை. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று எடுத்தோம், இப்போது கஞ்சிதான் குடிக்கிறார், அதற்கும் உப்பு இல்லை என்று என்னைத் திட்டுகிறார். மச்சானுக்கு அங்கே குளிர் தாங்குகிறதா? கம்பளி வாங்கினீர்களா?

பத்தாம் தேதி ஆய்வாளர் வந்தார். ஜோடிப் பாடத்தை எங்கோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். எழுதி வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா, கோபிக்காதீர்கள், சுற்று நோட்டு என்னிடம்தான் இருந்தது, காட்டினேன். உங்கள் மூவர் பக்கத்தையும் திருப்பவில்லை, என் பக்கத்தை மட்டும்தான் காட்டினேன். என் மனுவை இந்த முறை தாமே கையில் எடுத்துப் போவதாகச் சொன்னார். இசக்கியம்மா டீச்சரும் ஜோடிப் பாடம் தொடங்கிவிட்டார்களாம். நாலு பள்ளிக்கூடத்திலும் ஒரே முறை, நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பஸ் சரியாக ஓடத் தொடங்கியதும் கூட்டம் வைப்போம். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கையா


கிளென்மார்கன்,
17-12-1977

அன்புத் தம்பிக்கு, ஆசிகள். இருவரும் சுகம். கம்பளி வாங்கியாயிற்று, மச்சான் அதற்குள் புகுந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை வெளியே வருவதில்லை. அம்மாவின் கஞ்சியில் உப்புப் போடு.

மனு நகர்ந்தது சந்தோஷம். உனக்குச் சேர வேண்டியதுதான். நோட்டைக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காட்டியாகிவிட்டது, விடு.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பல் பிடுங்கியது எழுதினாய், மண் சரிந்தது எழுதினாய், நான் கேட்டது மட்டும் இல்லை. மறந்திருப்பாய். மறுபடி கேட்கிறேன். உன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு எப்படி?

நேற்று ஆண்டாயிக்கு ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்தேன். ஜூன் மாதம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு. மூன்று முறை அழித்துப் போட்டாள், மூன்று முறையும் வேறு வேறு விடை வந்தது. பிறகு சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "வீரம்மாவுக்கு இன்னைக்கு ஒரு பக்கம் முழுசா வந்துருச்சு டீச்சர்" என்றாள். திட்டுவேனோ என்று பேச்சை மாற்றுகிறாள்.

இது குளிரில் வரும் மந்தமா, அல்லது ஜோடிப் பாடத்தால் எல்லோருக்கும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் தெரியும். அதற்காகத்தானே நோட்டே வைத்தோம்? நீ முதலில் தொடங்கியவன், உனக்குத்தான் தெரியும். காலை ஒரு மணி நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவா, அல்லது இப்படியே போகலாமா? பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. ஒரு வரி எழுது, போதும்.

அக்கா,
சுசீலா


சேரம்பாடி,
13-1-1978

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் பொங்கல் வாழ்த்துகள். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து உங்கள் பேரைச் சொல்லி இலையில் ஒரு பங்கு எடுத்து வைத்தார். கூட்டம் வைக்க முடியவில்லை, மாசிக்குள் பார்க்கலாம். ஆண்டாயியைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. பழைய கணக்கு எங்கேயும் போகாது. பரீட்சை நெருங்கினால் தன்னால் வந்துவிடும்.

தங்கையா


கிளென்மார்கன்,
9-4-1978

தங்கையாவுக்கு,

அம்மா சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

விடுதிப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஆறு இடம். ஆண்டாயி ஒன்பதாவது. தமிழில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு, அதில் அவளை விட அதிகம் வாங்கியவர்கள் யாரும் இல்லை. கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று. வகுத்தல் மட்டும் நாலு கணக்கு வந்ததாம், நாலும் போயிற்று. பரீட்சை எழுதித் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, பட்டியல் எப்போது வரும் என்று இரண்டு முறை கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் இசக்கியம்மா டீச்சரைப் பார்த்தேன். பிப்ரவரியில் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தாராமே. காலை நேரத்தில் உன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் சின்னதுகளோடு உட்காரவில்லையாம். வராந்தாவில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். நவம்பரில் இருந்தே அப்படித்தான் என்று ஒரு பிள்ளை சொன்னதாம். பரீட்சைக்காக நீ இப்போதுதான் மாற்றினாய் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

டிசம்பரில் நான் உன்னிடம் ஒரு வரி கேட்டேன். அந்த வரி உன்னிடம் இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

சுசீலா


சேரம்பாடி,
14-5-1978

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தது அக்கா. அந்த வரி என்னிடம் இருந்தது.

அக்டோபர் பதினைந்தாம் தேதி ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை வைத்தேன். நோட்டில் சாக்பீஸ் பற்றி எழுதியபோது எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது, குறை இல்லை என்று பார்க்காமலே எழுதினேன். பிறகுதான் பார்த்தேன். ஒன்பது பேர். ஏழு பேருக்கு வகுத்தல் வரவில்லை. ஆடி மாதம் ஒன்பது பேருக்கும் வந்தது. அந்தத் தாள்களை டிரங்குப் பெட்டியில், கப்பலில் கொண்டு வந்த சட்டிபிகேட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆய்வாளர் வரப்போவதாக அந்த வாரம்தான் தகவல் வந்திருந்தது. அவர் வந்து போகட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அவர் வந்தார், புகழ்ந்தார். அதற்குப் பிறகு எப்படி எழுதுவது? காளிமுத்து வாத்தியார் என்ன சொல்வார் என்று நினைத்தேன். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்துத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளைகளை மட்டும் சத்தம் இல்லாமல் வராந்தாவுக்கு மாற்றினேன். என் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள்.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்த அன்று மூன்று இன்லேண்டு வாங்கினேன். மூன்றிலும் சுக விசாரிப்பு வரைக்கும் எழுதினேன், அதற்கு மேல் கை போகவில்லை. கடைசியில் பொங்கல் வாழ்த்தை எழுதி, தன்னால் வந்துவிடும் என்று ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்பினேன். அப்போதும் பரீட்சைக்கு ஐம்பது நாள் இருந்தது. ஐம்பது நாளில் ஆண்டாயி போன்ற பிள்ளை மீண்டு வந்திருப்பாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

மார்ச்சில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். உங்களுக்கு எழுதவில்லை. அம்மாவிடம்கூட ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அம்மா வெல்லம் வாங்கி வந்து லயம் முழுக்கக் கொடுத்தார். எனக்கு அதில் ஒரு துண்டு இறங்கவில்லை.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வலது பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஏழு பேர் கணக்கையும், தேதியையும், பெட்டியில் பூட்டியதையும். காளிமுத்து வாத்தியாருக்கு நாளை அனுப்புகிறேன். நான் அங்கே வந்து கருப்பம்மாவின் காலில் விழுந்தாவது கேட்கிறேன் அக்கா. இன்னும் ஒரு வருடம் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடச் சொல்கிறேன். வரட்டுமா?

தம்பி,
தங்கையா


கிளென்மார்கன்,
20-6-1978

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை பிடித்துக்கொண்டது, பூண்டு எண்ணெய் காய்ச்சினாயா? மச்சான் சுகம். எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. உனக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபத்தில்தான் எழுதவில்லை. எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன் என்று பயந்தேன்.

கருப்பம்மாவிடம் நானே போய்க் கேட்டுவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னதுக்காகத்தான டீச்சர் ஒரு வருசம் பொறுத்தேன். நான் ஒருத்தி பறிச்சு மூணு பேரு திங்கணும். இன்னொரு வருசம்னா நீங்களே சொல்லுங்க" என்றாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

நோட்டு வந்தது. உன் வலது பக்கத்துக்குக் கீழே காளிமுத்து வாத்தியாரும் இசக்கியம்மா டீச்சரும் எழுதியிருக்கிறார்கள். காளிமுத்து வாத்தியார் தம் பள்ளிக்கூடத்தில் பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு வகுத்தல் போய்விட்டதாக எழுதி, 'எனக்கும் தெரியும், தங்கையாவின் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று நானும் எழுதவில்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன்னைக் கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ பயந்தது எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லையடா.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ மட்டும் சுமக்க வேண்டாம். அக்டோபரில் உன்னிடம் மதிப்பெண் கேட்டேனே, சும்மா கேட்கவில்லை. அந்த வாரமே ஆண்டாயியின் சிலேட்டில் தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டேன். டிசம்பரில் மூன்று முறை பார்த்தேன். என் கண் முன்னால் பிள்ளை இருக்கிறாள், கையில் சிலேட்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டு நாற்பது மைல் தள்ளி இருக்கிற உன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று காத்திருந்தேன். என் வலது பக்கத்தில் அந்த மாதங்களில் என்ன எழுதினேன் தெரியுமா? கூரை ஒழுகுகிறது என்று. உன்னைச் சாக்பீஸ் என்று கிண்டல் செய்துவிட்டு நான் கூரை என்று எழுதினேன். வீரம்மா வாசிக்கிற சந்தோஷத்தை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. இதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள் ஆண்டாயி சிலேட்டையும் புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். இடுப்பில், கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற அம்மாவின் சாக்குப் படங்கைக் கட்டியிருந்தாள், அது அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது. உள்ளே வீரம்மா இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தது. இவள் வாசற்படியில் நின்று முழுப் பக்கமும் கேட்டாள். ஒரு இடத்தில், "அங்க நிறுத்தி வாசிடி" என்றாள். பிறகு என்னிடம் வந்து, "நான் சொல்லிக் குடுத்தது மறக்கலையே டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது நிஜம்தான் தம்பி. நாலு பேர் வாசித்த வகுப்பில் இன்றைக்குப் பதினெட்டுப் பேர் வாசிக்கிறார்கள்.

நான் அவளிடம், வேலை முடிந்து சாயங்காலம் வா, வகுத்தலை மறுபடி சொல்லித் தருகிறேன், அடுத்த மார்ச்சில் தனியாக எழுதலாம் என்றேன். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி, "இனிமே வகுத்தல் எனக்கு எதுக்கு டீச்சர்?" என்றாள். பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று அவள் ஓடிவிட்டாள்.

நீ இங்கே வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வா. ஆனால் கருப்பம்மாவின் காலில் விழ வராதே, அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டாயிக்கு வேலை இல்லை. மாதம் ஒரு ஞாயிறு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நீ வா, ஒரு ஞாயிறு இசக்கியம்மா வருவதாகச் சொல்கிறார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் நாம் அவள் வீட்டுக்குப் போவோம்.

நோட்டை இன்று கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். இந்த மாதம் என் வலது பக்கத்தில் ஆண்டாயியின் பெயரைப் போட்டு, அவள் கேட்ட கேள்வியை மட்டும் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவளுக்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் எதிரே இடது பக்கத்தில் எழுதட்டும். அதைக் காலியாக விட்டிருக்கிறேன். உன்னிடம்தான் முதலில் வருகிறது.

அம்மாவுக்கு என் முத்தங்கள். நீ நிரந்தரம் ஆனதற்கு அம்மா கொடுத்த வெல்லத்தில் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்.

உன் அக்கா,
சுசீலா